இரண்டு புத்தகத்திலும் இல்லாத பெயர்

இந்த விஷயத்தில் நாங்கள் ஜெயித்தோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டு அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் வெளிநாட்டில் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தாள். தைப்பூசத்துக்கு முந்தின புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஹோட்டலை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்த ஏஜெண்ட்டைக் காணோம். நம் தூதரகம் அவளை ஒரு விடுதியில் தங்க வைத்திருந்தது. அவள் இந்நாட்டுப் பிரஜைதான் என்று தலைநகரிலுள்ள வெளியுறவு இலாகா ஒரு கடிதம் கொடுத்தால் ஊர் திரும்பலாம். சித்திரை பிறந்து நாலு நாளில் விசா முடியும். அதற்குப் பிறகு தடுப்பு முகாம்தான்.

அம்மா நேராக என்னிடம் வந்தார். நான் அதே தோட்டத்தில் கிராணியாக, ஆபீஸ் கணக்கெழுதி, ஓய்வு பெற்றவன். எதையும் நாள், கிழமை, நேரம் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அரசாங்க இலாகாக்களில் எழுதும் மலாய் மொழியும் நன்றாக வரும்.

மறுநாள் காலை இலாகாவுக்குப் போன் செய்தேன். இலாகாவையே அப்போது திருத்தி அமைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கவனித்த பிரிவை இன்னொன்றோடு சேர்த்திருந்தார்கள். பழைய பிரிவில், அவளுடைய கோப்பு புதிய பிரிவுக்குப் போயாயிற்று என்றார்கள். புதிய பிரிவில், வந்து சேரவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டும் உண்மையாகவும் இருந்தது. ஏழு வாரம் இப்படியே ஓடிற்று. ஒவ்வோர் அழைப்பையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளிதழின் உள்பக்க மூலையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். இலாகாவின் சீரமைப்பை நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்கிறது. பொதுமக்கள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம்.

அன்றே உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் மலாயில் எழுதினேன். நாடு முதன்முதலில் தூதர்களை அனுப்பிய காலத்திலிருந்து தொடங்கியிருந்தேன். அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிராணி ஐயா, எம்மவ எந்தப் பக்கத்துல வர்றா?"

"பதினொண்ணுல."

"அதுக்குள்ள அவளுக்குப் பேரப்புள்ள பொறந்துரும்லா! பதினொண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்தத அடுப்புல போடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை முழுக்க அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. செவ்வாய் காலையில் அதை ஒரே பக்கமாகக் குறைத்தேன். அழைப்புகளின் பட்டியலை இணைத்தேன். கடைசியில், யாரும் கேட்காமலே, எங்கள் தோட்ட வழக்கம் ஒன்றை எழுதினேன்.

மேல் டிவிஷனிலிருந்து ஓர் ஆளைக் கீழ் டிவிஷனுக்கு மாற்றினால், மேல் டிவிஷன் பேர்ப் புத்தகத்தில் கிராணி உடனே அந்தப் பெயர்மேல் கோடு போடமாட்டார். கீழ் டிவிஷன் கங்காணி காலைப் பெரட்டில், அதாவது ஆளெண்ணும் இடத்தில், அந்த ஆளை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோடு. ஒருநாள் பெயர் இரண்டு புத்தகத்திலும் இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ஒன்றிலும் இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின், ஒய்பி என்று இங்கே சொல்வோம், அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்த பெண் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஒய்பிகிட்ட இன்னிக்கே குடுத்துர்றேன் அங்கிள்" என்றாள். பன்னிரண்டு பக்கத்தை அப்படிப் படித்திருக்க மாட்டாள்.

குழுவின் விசாரணை அடுத்த வாரம் புதன்கிழமை. காலை பதினொன்றேகாலுக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் விசாரணை நேரலையில் ஓடிய ஒரு கைப்பேசியைச் சுற்றி ஒன்பது பெண்கள் நின்றார்கள். நானும் நின்றேன். சீரமைப்பால் வேலை வேகமாகும் என்று இலாகா அதிகாரி வரைபடங்களைக் காட்டி விளக்கினார். குழுவில் இருந்த ஓர் உறுப்பினர், ஒரு பெண்மணி, எங்கள் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு தேதியாக வாசித்தார். பிறகு கேட்டார்: "இந்த ஏழு வாரமும் இந்தப் பெண் யாருடைய பொறுப்பில் இருந்தாள்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யார் பொறுப்பிலும் இல்லை" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

உடனே அந்த உறுப்பினர் எங்கள் பேர்ப் புத்தக வழக்கத்தை வரிக்கு வரி படித்தார். புதிய பிரிவு கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும்வரை பழைய பிரிவே கோப்புக்குப் பொறுப்பு என்று குழுத் தலைவர் பரிந்துரையில் சேர்க்கச் சொன்னார். இந்தப் பெண்ணின் கோப்பை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்.

கொட்டகையே அதிர்ந்தது. "நம்ம பெரட்டுக்களம் பார்லிமெண்டுக்குப் போயிருச்சுலா!" என்று ஒருத்தி கத்தினாள். அம்மா மட்டும், "வெள்ளின்னா இந்த வெள்ளிதானே?" என்று என்னை இரண்டு தடவை கேட்டார்.

இந்த வெள்ளிதான். மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தூதரகத்துக்குக் கடிதம் போயிற்று.

மகள் அடுத்த வியாழக்கிழமை தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். விசா முடிய இன்னும் நாள் இருந்தது. தோட்டத்து லோரி காத்துக்கொண்டிருந்தது. அம்மா ஏறவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். தெரிந்த கடை, தெரியாத கடை எல்லாவற்றிலும் நின்றார்.

"எம்மவ! பார்லிமெண்டே பேசிக் கூட்டியாந்த புள்ள!"

மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். லோரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சும்மா இருய்யா" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "இன்னும் எதிர்ச்சாரி பாக்கி இருக்கு."