தியாகலிங்கத்தின் ஆமைக் கண்ணாடி

டோர்செட் பார்க் பகுதித் தமிழர்களில் தியாகலிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அவரிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் அதைவிடக் குறைவு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். வேலைக்காலமெல்லாம் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்ததற்கு இப்போது வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்க்கிறார். பழைய சாமான் விற்கும் இடமெல்லாம் ஏறி இறங்குவார். வாங்கி வந்ததைப் பற்றி மனைவி புனிதவதிக்கு நீட்டி முழக்கி விளக்கம் சொல்வார். புனிதவதி தன் பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார். பதிலுக்கு ஒரு 'ஓம்' கூட வராது.

அப்படி அகப்பட்டதுதான் அந்த ஜப்பானியக் கைக்கண்ணாடி. கைபிடி வைத்த வெண்கல வட்டம். ஒரு பக்கம் முகம் தெரிய மினுக்கியிருந்தது. மறுபக்கம் பைன் மரம், அதன் கீழே இரண்டு கொக்குகள், கொக்குகளின் காலடியில் ஓர் ஆமை. கலியாணப் பெண்ணுக்குக் கொடுப்பது என்று விற்ற ஜப்பானியக் கிழவர் சொன்னாராம். உடனே தியாகலிங்கத்துக்கு மகள் நிலாணியின் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு எழுத்து, அதாவது திருமணப் பதிவு. நகை, சேலை, மண்டபம், கேக் எல்லாம் புனிதவதியின் தெரிவு. அப்பா பார்த்து எடுத்தது என்று ஒன்றாவது பிள்ளையோடு போகவேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டார்.

ஆமைதான் குறுக்கே நின்றது. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது நம் சனங்களின் பழைய பயம். வெண்கல ஆமைக்கும் புனிதவதி சலுகை காட்டவில்லை. கண்ணாடி பல்கனிக்குப் போனது. ஜனவரிக் குளிரில் தியாகலிங்கம் ஜக்கெற் போட்டுக்கொண்டு வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

எழுத்து அன்று காலை அவர் ஒரு வேலை செய்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஆமையின்மேல் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தார். கண்ணாடிக்கு ஒரு தெய்வக்களையே வந்துவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டிலை பிடிபட்டியள் எண்டால், உந்த மனுசனை எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போடுவன்," என்றார் புனிதவதி.

மார்க்கம் நகரிலிருந்த மாப்பிள்ளை வீட்டில், அவரின் தாய் யோகமலர் இவர்கள் கொண்டுபோன தட்டுகளை வாங்கி வைத்தார். கண்ணாடியைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன வடிவு! சாமிச் சாமானோ?" என்று சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? கணவருக்கு ஒரு பொட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டு, சுற்றி நின்ற அன்ரிமாருக்கும் ஆளுக்கொரு பொட்டு. முதலில் ஆமையின் தலை தெரிந்தது, பிறகு முதுகு.

"ஐயோ, இது ஆமையெல்லே!" யோகமலர் கையை உதறினார். "நல்ல நாளும் அதுவுமா எங்கட வீட்டுக்கு ஆமையோ?"

நிலாணியின் முகம் சுருங்கியது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கவேண்டிய அந்த நேரம் பார்த்துத் தியாகலிங்கத்துக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"ஆமைதான் அக்கா," என்று புனிதவதி முன்னுக்கு வந்தார். "கொக்குக்கு ஆயிரம் வருசம், ஆமைக்குப் பத்தாயிரம் வருசம் எண்டு யப்பான்காரர் சொல்லுவினம். பைன் மரம் எவ்வளவு ஸ்நோ கொட்டினாலும் பச்சைதான். பிள்ளையள் அப்பிடி இருக்கவேணும் எண்டு தேப்பன் தேடித் திரிஞ்சு வாங்கினவர். உங்களுக்கு வேண்டாமெண்டால் தாங்கோ, நான் கொண்டுபோய் என்ரை சாமித்தட்டிலை வைக்கிறன்."

"பத்தாயிரமோ?" என்று யோகமலர் ஆமையை மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியை நிலாணியின் கையில் கொடுத்தார். "கவனமா வைச்சிரு பிள்ளை."

திரும்பும்போது காரில் ஏறியதும் தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, கொக்கு ஆமைக் கதையெல்லாம் நான் சொல்லேக்கை நீர் கேட்டுக்கொண்டே நிண்டனீர்?"

"ஒரே வீட்டிலைதானே இருக்கிறம்," என்றார் புனிதவதி. "நீங்கள் கதைக்கிறதை விட்டால், எனக்கு வேறை என்ன கேக்கக் கிடக்கு?"

தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. காரை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.