எட்டு வாரக் கெடு

கிளெம் ரோ மூன்று தடவை கேட்ட பிறகுதான் மார்லீன் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். கூடத்துத் திரைச்சீலைக்குத் துணி பொறுக்க அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. வாலரூ என்ற துறைமுக ஊரின் ஆரம்பப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் எழுபத்தாறாவது வயதில் அரசாங்கம் எட்டு வாரம் கெடு வைத்தது.

கிளெமுக்கு எண்பத்தொன்று. துறைமுகத்தில் கோதுமைக் கப்பலுக்குச் சரக்கேற்றியே காலம் தள்ளிய ஆள். இப்போது நடுக்குவாதம் அவர் கையிலிருந்து தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடுங்கிவிட்டது. குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, பொத்தான் போடுவது எல்லாம் மார்லீன்தான். உதவி கேட்டு விண்ணப்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. வீட்டிலேயே பராமரிப்பு ஒதுக்கியாயிற்று. பெரும்பகுதிச் செலவு அரசாங்கத்துடையது. ஐம்பத்தாறு நாளுக்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும். தவறினால் ஒதுக்கியது போய்விடும்.

மார்லீன் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்துவிட்டு, நாட்காட்டியில் ஐம்பத்தாறாவது நாளை வட்டமிட்டாள்.

பெர்த்திலிருந்து மகள் ட்ரேசி போனில் சொன்னாள்: "இதுல என்னம்மா கஷ்டம்? நெட்ல நல்ல பேர் இருக்கிற கம்பெனியாப் பாத்துப் போட்டுடு."

"செருப்பு வாங்குற மாதிரி சொல்றியே. உங்கப்பா துணியைக் கழட்டப்போறவங்கடீ அவங்க."

வழி மூன்று இருந்தது. ஒன்று, அடிலெய்டிலிருந்து வரும் பெரிய கம்பெனி; வழவழப்பான புத்தகம் அனுப்பியிருந்தது, அதில் எல்லாக் கிழவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்த உள்ளூர் அலுவலகம். மூன்றாவது, தானே ஆள் பிடித்து, தானே நேரம் வகுத்து, கணக்கை மட்டும் ஒரு நிறுவனத்திடம் விடுவது. மூன்றையும் பள்ளி நோட்டு ஒன்றில் பத்தி பிரித்து எழுதினாள். எழுத எழுதப் பயம்தான் கூடியது.

அடுத்த வீட்டு கிளெனிஸ் அந்தப் பயத்துக்கு எண்ணெய் வார்த்தாள். "பக்கத்து ஊரு கடீனால என் கொழுந்தனுக்கு என்ன ஆச்சு தெரியுமா? வாரத்துக்கு ஒரு புது மூஞ்சி. தினமும் அவர்தான் அவங்களுக்குத் துண்டு எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தாரு. பேசாம நீயே ஆள் வச்சுக்க."

"அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா?"

"அதுவும் சரிதான்" என்று கிளெனிஸ் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

கிளெம் வேறு முரண்டு பிடித்தார். "என்னைக் குளிப்பாட்ட சர்க்கார் ஆளா? மருந்துத் தொட்டியில ஆட்டை முக்கி எடுக்கிற மாதிரியா? நீ இருக்கியே, மார்."

"எனக்கும் வயசாகுதுய்யா."

"உனக்கா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டு ஒரு மாதமாக வீங்கியிருந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

நாலாவது வாரம் அடிலெய்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்முனைப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். எதைக் கேட்டாலும் முடியும், முடியும் என்றாள்.

"யாரு வருவாங்க?"

"எங்க குழுவுல ஒருத்தர், டியர்."

"பேரு?"

"அது அன்னன்னைக்குக் காலையிலதான் தெரியும். உங்க போனுக்கே தகவல் வந்துடும்."

மார்லீன் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெண்மேல் குற்றமில்லை. ஆனாலும் பேரில்லாத ஒருத்தி குளியலறைக் கதவைத் திறப்பதை நினைத்ததும் அவளுக்கே கூசியது. தானே ஆள் பிடிக்கலாமென்று கடை வாசலில் சீட்டு ஒட்டினாள். ஒரே ஒரு போன் வந்தது, அதுவும் புல் வெட்ட ஆள் வேண்டுமா என்று. அப்புறம் இரண்டு வாரம் நோட்டைத் திறக்கவே தைரியமில்லை. காலையில் எழுந்ததும் மீதி நாட்களை எண்ணுவாள்.

ஏழு நாள் மீதியிருந்தபோது அது நடந்தது. காலை பத்து மணி. குளிப்பாட்டி முடித்து கிளெமைத் திருப்பினாள். மணிக்கட்டு சுளீரென்றது, பிடி நழுவியது. அவர் சரிய, அவரைத் தாங்கப் போய் அவளும் சரிந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அவரைத் தூக்க அவளால் முடியவில்லை, போன் சமையலறையில், அவள் நகர்ந்தால் அவர் தலை தரையில் முட்டும். துண்டை இழுத்து அவர்மேல் போர்த்திவிட்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கை எப்பலருந்து இப்படி வீங்கிக் கெடக்கு?" என்று கிளெம் கேட்டார். அவர் கண்ணுக்கு நேரே இருந்தது அந்த மணிக்கட்டு.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

நடுக்கம் துண்டுக்கு வெளியேயும் தெரிந்தது. "யாரையாவது கூப்பிடு, மார். எவனா இருந்தாலும் சரி. நான் விழுந்தா நீ தூக்குவ. நீ விழுந்தா?" அப்புறம் மெதுவாக, "ஆம்பளையா இருந்தா நல்லது" என்றார்.

முட்டை கொடுக்க வந்த கிளெனிஸ் அவர்களைக் கண்டுபிடிக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று.

கிளெமை கிளெனிஸ் பார்த்துக்கொள்ள, அன்று மத்தியானமே மார்லீன் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனாள். ரேலீன் என்ற பருத்த பெண் ஒருத்திதான் அங்கே எல்லாம்.

"உள்ளதைச் சொல்லிடுறேங்க" என்றாள் ரேலீன். "என்கிட்ட மொத்தம் மூணு பேர். செவ்வாயும் வெள்ளியும் காலையில டேரில் வருவான். மத்த நாள் வீட்டு வேலைக்கு, கடைக்கு ஒரு பொண்ணு அனுப்பலாம். சனி ஞாயிறு யாரும் கிடையாது. டேரில் லீவு போட்டா நான்தான் வரணும்."

"அந்த டேரில் எப்படி?"

"முன்னால ஆட்டுமயிர் கத்தரிச்சவன். இடுப்பு போனதும் இதுக்குப் படிச்சான். கை பதமா இருக்கும். வாய்தான் ஓயாது."

இல்லாததை இல்லை என்று சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று மார்லீனுக்குத் தோன்றியது. இருந்தும் பேனாவைத் தொடவில்லை. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு தடவை படித்தாள். நாலு நாள் மீதியிருக்கையில் திரும்பி வந்தாள்.

"ஒத்துவரலைன்னா?"

"வேற இடத்துக்கு மாறிக்கலாம். இது என்ன கல்யாணமா?"

"கல்யாணத்துக்கே மூணு தடவை கேக்க வச்சவ நான்" என்று சொல்லி மார்லீன் கையெழுத்துப் போட்டாள். ரேலீன் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை டேரில் வந்து, பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனான். குளியலறைக் கதவு சாத்தியதும் மார்லீனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடையில் துண்டோடு நின்றாள். தண்ணீர் சத்தம். டேரில் ஏதோ கால்பந்துக் கதை அளந்துகொண்டிருந்தான். கிளெம் பேச்சே இல்லை. கதவைத் தட்டிவிடலாமா என்று அவள் கையைத் தூக்கிய சமயம் உள்ளே கிளெம் கத்தினார்: "போடா முட்டாளே, அந்த வருஷம் நாம ஜெயிச்சோம்!"

அவள் துண்டைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். துணி காயப்போடும்போது நாளைக்கு சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. யாரும் வரமாட்டார்கள். டேரிலின் இடுப்பு எத்தனை நாள் தாங்குமோ. உள்ளே இன்னும் வாக்குவாதம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்குக் குளியல் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தாள். அதற்கு அவள் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.