கட்டைவிரலுக்கு ஆட்டுக்கால் சூப்பு

எனக்குக் கால் கட்டைவிரல் என்று ஒன்று இருப்பதே நாற்பது வயதுவரை நினைவில் இருந்ததில்லை. அது பாட்டுக்கு பூட்ஸுக்குள் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை அதுவே என்னை எழுப்பிவிட்டது. விரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, ஃபேன் காற்று பட்டாலே உயிர் போனது. என்னவென்று கேட்க வந்த மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டில் லேசாக அசைந்ததற்கே அவளைக் கண்டபடி ஏசினேன். சாதாரண நாளிலேயே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வலி வேறு சேர்ந்துகொண்டால் பக்கத்தில் ஒருவரும் அண்ட முடியாது.

அப்போது ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் தென்காசிப் பக்கத்துக்காரன், மனைவி சென்னீர்குப்பத்துப் பெண். தொழிற்சாலையில் எங்கள் ஷாப்பில், அதாவது எங்கள் பிரிவில், யாருக்குக் கால் வீங்கினாலும் பழி முதலில் பூட்ஸ் மேல்தான் விழும். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ், வேலைக்கென்று கொடுப்பது. "பூட்ஸ் கடிச்சிகீது மாமே, ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கோ" என்றான் பக்கத்து மெஷின்காரன். மாற்றி வாங்கினேன். நாலைந்து நாளில் வீக்கம் தானாக வடிந்தது. புது பூட்ஸுக்கு நல்ல பெயர் கிடைத்தது. பிறகு பொங்கல் லீவில், பூட்ஸைத் தொடாமல் லுங்கியோடு வீட்டில் கிடந்தபோது அதே விரல் மறுபடியும் வீங்கியது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

சேதி சென்னீர்குப்பத்துக்குப் போனதும் மாமியார் பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப்பு. "காலுக்குக் காலுதான் மாப்ளே மருந்து. சூடா குடிச்சுருங்க" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்கு வந்தது. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, எலும்பு வெண்ணெயாகக் கரைகிற வரைக்கும் கொதிக்கவைத்த சூப்பு. ருசிக்குக் குறைவே இல்லை, நானும் சட்டியை வழித்துத்தான் குடித்தேன். ஆனால் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை, மாப்பிள்ளை காசில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். கேட்டால், "வரும்போதே ஊட்ல துன்னுட்டுத்தான் வந்தேன்" என்று ஒரே பதில்தான் வரும்.

அந்த அக்கறைக்கு ஒரு காரணம் இருந்தது. என் மாமனாரை நான் பார்த்ததில்லை. சென்னீர்குப்பத்தில் விவசாயம் பார்த்தவர். அவருக்கும் இதே கட்டைவிரல்தான் வீங்குமாம். சேற்றில் நின்று நின்று வந்த வாயு என்று விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்கில் வருவதும் போவதுமாக இருந்து, கடைசியில் கிட்னி கெட்டு, முகம் ஊதி, நீர் பிரியாமல் போய்ச்சேர்ந்தார். என் வீங்கிய விரலைப் பார்த்த அன்றே மனைவியின் முகம் வெளுத்தது இதனால்தான். அவள் இதைச் சொன்ன பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் இரண்டும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் தரையில் ஊன்றவே முடியாமல் போய்விட்டது. மனைவியும் அன்றைக்குத் தூக்கோடு வந்திருந்த மாமியாருமாக என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும், சிரிக்காத முகம். விரலைத் தொடாமலே பார்த்துவிட்டு, "குடிப்பீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "மாப்ளே தங்கம் டாக்டரம்மா. மோரக்கூட யோசிச்சுக்கினுதான் குடிப்பாரு."

"அந்தத் தூக்குல என்ன?"

"ஆட்டுக்காலு சூப்பு. ஊசி போட்டதும் குடிக்கட்டும்னு கையோட எடுத்துகினு வந்தேன்."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். அந்தச் சிரிக்காத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனை நாளா இது நடக்குது?" என்று கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறிப்போனால் அது உப்பாகப் படிந்து மூட்டில் உட்கார்ந்துகொள்ளும். கறி, ஈரல், எலும்பு சூப்பு எல்லாம் அதை இன்னும் ஏற்றிவிடும். "வலி போனா வியாதி போச்சுன்னு நினைக்கிறீங்க. அது உள்ளேயேதான் இருக்கும். வருஷக்கணக்கா விட்டா கிட்னியில கல்லு வரலாம், கிட்னியே கெடலாம். பிபி, ஹார்ட் தொந்தரவெல்லாம் இதோட கூட்டாளிங்க. நீங்க முழுங்குற வலி மாத்திரையும் கிட்னியைத்தான் கெடுக்கும். முதல்ல வீக்கம் வடியட்டும், ரெண்டு வாரம் கழிச்சு கிட்னிக்கும் சேர்த்து ரத்தம் எடுப்போம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமியார் வெளியே பார்த்தபடியே வந்தார். மடியில் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "உங்க அம்மாவுக்கு ரோஷம் வந்துட்டு. அவங்க சூப்பை நானா குத்தம் சொன்னேன்?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு நரகம்தான். கால் வலி வடிந்துவிட்டது, பயம் வடியவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் முகம் ஊதியிருக்கிறதா என்று பார்ப்பேன். டாக்டர் சொன்னபடி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் மனைவி வாசலிலேயே நின்று, "நல்லா போச்சா?" என்பாள். "போச்சு, போச்சு, மைக் வச்சு சொல்லவா?" என்று கத்துவேன். ஆனால் அவள் கேட்காத ஒருநாள் நானே போய்ச் சொன்னேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் சொல்லும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாமியார் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தூக்கு இல்லை. "நானும் உள்ள வரேன் மாப்ளே" என்றார். மூன்று பேரும் உள்ளே போனோம்.

டாக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "கிட்னி நல்லா இருக்கு. யூரிக் ஆசிட் எக்கச்சக்கமா இருக்கு, பிபியும் கொஞ்சம் ஏறியிருக்கு. ரெண்டையும் மாத்திரையில அடக்கிடலாம். வலி இல்லைன்னு நடுவுல நிறுத்தக் கூடாது." கிட்னி நல்லா இருக்கு என்பதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. மனைவிதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலையில் சுமந்துவந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது எனக்கு. இந்த டாக்டரம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டால்கூடத் தப்பில்லை என்று நினைத்தேன்.

எழுந்திருக்கும்போது மாமியார் மட்டும் நகரவில்லை. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "எங்க ஊட்டுக்காரருக்கும் இதே வெரலுதான் வீங்கும். வீங்கும்போதெல்லாம் நான் இதே சூப்பத்தான் வெச்சுக் குடுத்தேன். கிட்னி போயித்தான் செத்தாரு. அப்ப நான்தான் அவர சாகடிச்சனா?"

என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். ரோஷம் என்று நான் நினைத்தது இதுதான். இரண்டு வாரம் நான் என் கிட்னிக்குப் பயந்துகொண்டிருந்தபோது, அந்த அம்மா தனியாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பவோ ஒருநாள் குடுத்த சூப்பால யாருக்கும் கிட்னி போகாதும்மா. சூப்பு வலியைக் கூட்டியிருக்கும், அவ்வளவுதான். யூரிக் ஆசிட்டை உடம்பே தயார் பண்ணுது. வருஷக்கணக்கா அது உள்ள ஏறிக் கிடந்திருக்கும், பிபியும் இருந்திருக்கும். ரெண்டையும் யாரும் பார்க்கலை. நீங்க கொல்லலை."

"மெய்யாலுமா?"

"மெய்தான்."

வெளியே வந்து மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட் பக்கம் இருந்த டீக்கடையைப் பார்த்தார்.

"மாப்ளே, தொண்ட காஞ்சு கீது. ஒரு டீ வாங்கிக் குடுங்க."

வலியில்லாத காலோடு ஓடினேன். சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லி வாங்கி வந்தேன். அவர் அதை ஊதி ஊதிக் குடித்து முடித்துவிட்டு, கிளாஸை என்னிடமே நீட்டி இன்னொரு டீ கேட்டார்.