நான் பிடுங்கிய இரண்டு வரிசை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, செத்துப்போன தங்கை விட்டுப்போனது இரண்டு. ஐந்தையும் கரும்புப் பண்ணைக் கூலியில்தான் வளர்த்தேன். கோயமுத்தூரில் கல்லூரிக்காரர்கள் புதுக் கரும்பு ரகம் உண்டாக்குகிற பண்ணை அது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் நாற்றுப் பாத்தியில் என் கை தப்பாது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொல்வார்கள். அந்தப் பெயரைக் கழுத்து நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

கரும்பு பூக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மழை ஓய்கிற சமயத்தில் வெள்ளைக் கதிர் விடும். ஒரு கரும்பின் கதிரை இன்னொன்றின் கதிரோடு சேர்த்துத் துணிக்கூண்டு கட்டி, விதை பிடித்ததும் உதிர்த்துத் தட்டில் முளைக்கப் போடுவார்கள். வருடத்துக்கு ஒரு தரம்தான்.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பெண் ஒருத்தி, ஆற்றோரத்துக் காட்டுக் கரும்பை நல்ல கரும்போடு சேர்த்திருந்தாள். தண்ணீர் இல்லாத மண்ணிலும் தாங்குகிற கரும்பு வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இரண்டு வரிசைக்குத்தான் நாற்று தேறியது.

"இதுக பொழச்சாப் போதுமுங்க பெரிம்மா. இந்த வருசமும் ஒண்ணும் ஆகலீன்னா, படிச்சது போதும்னு எங்கப்பா கட்டிக் குடுத்துருவாருங்க."

"நான் இருக்கறப்ப உட்ருவனா அம்மணி?" என்றேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு நான் போயிருந்த நான்கு நாளில் அந்த நாற்றுகளைத் தட்டிலிருந்து பாத்திக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். எந்தப் பாத்தி என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

அன்றைக்குக் களையெடுப்பு. ஒரு பாத்தியில் ஒல்லியாக, சொரசொரவென்று புல் நின்றது. கூட வந்தவள் சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவள். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

"அக்கா, இது வரிசையா நிக்குதுங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுப்போட்டுப் புடுங்கலாமுங்களா?"

"தறிக்காரி எனக்குப் புல்லுக் காட்டறயா? முப்பது வருசமாக் கரும்புக்குள்ளயே கெடக்கறேன்."

"நீங்க சொன்னாச் செரிங்க."

அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். இரண்டு வரிசையையும் நானே வேரோடு பிடுங்கினேன். சாயங்காலம் கட்டிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன். ஆசையாகத் தின்றது. காட்டுக் கரும்பின் பிள்ளை புல் மாதிரிதான் முளைக்கும். அது எனக்குத் தெரிந்த சங்கதிதான். கை முந்திக்கொண்டது.

மூன்றாம் நாள் அந்தப் படிக்கிற பெண் ஊரிலிருந்து வந்து பாத்தியில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினாள். ஒரு வேராவது கிடைக்குமா என்று பார்த்தாள்.

"மயிலு வந்து கொத்திப்போட்டுதுங்களா பெரிம்மா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாங் கண்ணு," என்றேன்.

தறிக்காரி என்னைப் பார்த்தாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.

அடுத்த பூவுக்கு இன்னொரு வருடம் ஆகும். அவள் அப்பா காத்திருக்கவில்லை. கார் வைத்துக்கொண்டு வந்து விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துப்போனார். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

போன மாதம் காங்கேயம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. மாமனார் வீட்டுக்கு எண்ணெய் மில் இருக்கிறதாம்.

"இந்த வருசம் கரும்பு பூத்துதுங்களா பெரிம்மா?" என்றாள்.

"பூத்துது கண்ணு," என்றேன். சொல்லியிருக்கலாம். அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. உண்மையில் அது இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தது.

இனிமேல் சொல்லி எந்த நாற்றும் முளைக்கப் போவதில்லை. அவள் படிப்பும் திரும்பி வராது. இருந்தாலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பத்து நாளாக இதை எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இத எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு. நான்தான் புடுங்குனேன்னு எழுதுன எடம் வெளங்குதான்னு பாரு."