கேற்றடியில் நான் கேட்காதது

1. விழுந்தவள்

ட்ரொலியில் அவளைக் கொண்டு வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். நான் வாட்டு வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு வழி விட்டேன். முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிற யசோ.

நான் பெண்கள் வாட்டில் இருபத்தேழு வருடம் சிற்றூழியராக இருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். துடைப்பது, கழுவுவது, ட்ரொலி தள்ளுவது, இரத்தம் எடுக்க இரத்த வங்கிக்குத் துண்டுச்சீட்டோடு ஓடுவது. அதுதான் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வயிற்றில் தங்கியதை வைத்திருப்பதா விடுவதா என்று தனியே யோசித்துக்கொண்டிருக்கிற பெண்கள் வாசித்தாலும் நல்லது.

யசோவோடு அவளின் தாய் வந்திருந்தார். இளம் டொக்டர் கேட்டார்.

“என்ன நடந்தது?”

“கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டாள் சேர். ரெண்டு மாசம். கலைஞ்சு போச்சு.”

“எத்தினை பிள்ளையள்?”

“ரெண்டு. ரெண்டும் ஒப்பரேசன். கடைசிக்குப் பத்து மாசம்.”

“கலைக்கிறதுக்குக் குளிசை ஏதும் போட்டவவோ?”

“ஐயோ, இல்லை சேர்.”

யசோ கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் வாட்டில் ஒரு முறை இருக்கிறது. கரு கலைந்தால் வெளியே வந்த எதையும் எறியக் கூடாது. கிட்னி ட்ரேயில் வைத்துக் காட்ட வேண்டும். எத்தனை மாதம், முழுதாக வந்ததா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்லுவார்கள். டொக்டர் அதையும் கேட்டார்.

“வந்ததைக் கொண்டு வந்தனீங்களோ?”

“எல்லாம் வந்திட்டுது சேர். வாழைக்குள்ளை தாட்டுப்போட்டம்.”

வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். கட்டி கட்டியாய் இரத்தம் வந்தால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து வாழையடியில் புதைத்துவிடுவார்கள். பிறகு யாரும் ஒன்றும் பார்க்க முடியாது.

வெளியே இரத்தம் அதிகம் போகவில்லை. டொக்டர் சேலைன் ஏற்றச் சொன்னார். ஸ்கானுக்கு எழுதினார். ஸ்கானுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள்.

2. கேற்றடி

யசோ விழவில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் அவள் என் வீட்டுக் கேற்றடிக்கு வந்தாள். இடுப்பில் சின்னவன். நான் ஆஸ்பத்திரியில் வேலை என்பதால்தான் வந்தாள்.

“தவமக்கா, உள்ளுக்கு வரட்டே?”

“என்ன விசயம்?”

“எனக்குத் திரும்பவும் தங்கிட்டுது போல. ஆஸ்பத்திரியிலை குளிசை ஏதும் எடுக்கலாமோ?”

“எனக்குத் தெரியாது. என்னை மாட்டி விடாதை பிள்ளை.”

“கைக்குழந்தையோடை வயித்தைத் தள்ளிக்கொண்டு திரிஞ்சா ஊர் சிரிக்குமெண்டு அம்மா சொல்லுறா.”

“மிட்வைஃபிட்டைப் போய்க் கதை.”

“அவவின்ரை ஸ்கூட்டி எங்கடை வாசல்லை நிண்டா ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிடும் அக்கா.”

நான் கேற்றைச் சாத்தினேன். சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனின் விரலை எடுத்துவிட்டுச் சாத்தினேன்.

அதிகம் கதைக்காதவள் என்று எனக்கு வாட்டில் பெயர். “தவமக்கா வாயைப் பூட்டித் திறப்பைக் கிணத்துக்கை எறிஞ்சிட்டா” என்று நர்ஸ் மிஸ்மார் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வாட்டில் பார்த்ததை வெளியில் சொல்லாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் வாயைத் திறக்க வேண்டிய இடமும் இருக்கிறது. அது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

3. தோள் உளைவு

யசோவுக்கு உடுப்பு மாற்றப் போனேன். தாய் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தார். அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா ஆரிட்டையோ வாங்கிக்கொண்டு வந்தவ. சொன்னால் பொலிஸ் வருமாம்.”

“ம்” என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பொலிஸ் இருக்கிற அறை. நான் யோசித்தது அவளைப் பற்றி இல்லை. அவள் என் கேற்றடிக்கு வந்ததை யாராவது கண்டிருந்தால் நான்தான் குளிசை கொடுத்தேன் என்று சொல்லுவார்கள். வேலை போய்விடும். அதைத்தான் யோசித்தேன். போய் மிச்சத் தரையைத் துடைத்தேன். மற்ற வாட்டுக்கு ஒரு ட்ரொலி தள்ளிக்கொண்டு போய் வந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும்.

திரும்பி வந்தபோது அவளின் உதடு வெளிறியிருந்தது.

“எங்கை நோகுது?”

“தோள் உளையுது அக்கா. படுக்கேலாமல் கிடக்கு.”

விழுந்தவளுக்குத் தோள் நோகலாம். ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கினாலும் தோள் உளையும். அதை நான் படித்ததில்லை. வாட்டில் நிறையத் தரம் கண்டிருக்கிறேன்.

மிஸ்ஸிடம் போனேன்.

“மிஸ், அந்தப் பிள்ளை விழேல்லை. குளிசை போட்டது.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்ப தொடக்கம் தெரியும் தவமக்கா?”

“தோளும் உளையுதாம் மிஸ், உதடு வெளிறிப்போச்சு” என்றேன்.

டொக்டர் ஓடி வந்தார். தாய் கும்பிட்டுக்கொண்டு அழுதார். “சேர், பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் பொலிஸ் இல்லை அம்மா, டொக்டர். எப்ப போட்டவ? கெதியாய்ச் சொல்லுங்கோ.”

“முந்தநாள் ஒருக்கா. சரிவரேல்லையெண்டு நேற்றும் போட்டவள்.”

வரிசையை விலக்கி ஸ்கான் பார்த்தார்கள். இரண்டு மாதம் இல்லை. ஐந்து மாதம். சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு மாத வருத்தம் திரும்பத் தொடங்கவேயில்லை. எண்ணுவதற்கு நாள் இல்லை. சத்தியெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறாள். பால் கொடுக்கும்போது தங்காது என்றும் நம்பியிருக்கிறாள்.

தியேட்டருக்கு ட்ரொலியை நான்தான் தள்ளினேன். இரத்த வங்கிக்கு மூன்று தரம் ஓடினேன். பழைய ஒப்பரேசன் தையல் இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழிந்திருந்தது. அந்தக் குளிசைக்கு வயிறு இறுகும்போது பழைய தையல் பிரியக் கூடும் என்று விற்றவன் சொல்லவில்லை. எத்தனை ஒப்பரேசன் என்றும் அவன் கேட்கவில்லை.

பிள்ளை தப்பவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். யசோ தப்பினாள். வயது இருபத்தொன்பது.

தியேட்டர் வாசலில் தாய் என்னைப் பார்த்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். “அஞ்சு மாசமோ? அஞ்சு மாசமோ தவம்?”

நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

4. ஆறாம் நாள்

புருசன் மேசன். வவுனியாவில் வேலையில் நின்றவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வந்து கட்டிலடியில் நின்று, “என்னட்டை ஒருக்காச் சொல்லியிருக்கலாமே யசோ” என்றான்.

ஆறாம் நாள் நான் கட்டிலுக்குக் கீழே துடைக்கும்போது யசோ கதைத்தாள்.

“தவமக்கா.”

“என்ன பிள்ளை?”

“எனக்கு அது வேணுமெண்டும் இல்லை, வேண்டாமெண்டும் இல்லை. யோசிக்க நாலு நாள் இருந்திருந்தால் ஏதோ ஒண்டு சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை.”

“ஓம்” என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

5. இப்போது

நான் பென்சன் எடுத்துவிட்டேன். இன்றைக்கும் இடைக்கிடை யாராவது கேற்றடிக்கு வருவார்கள். உள்ளே கூப்பிட்டு இருத்துவேன். குளிசை என்னிடம் இல்லை. எனக்குக் கேட்கத்தான் தெரியும்.

முதலில், இது உன்ரை எண்ணமா, வேறு ஆரின்ரையுமா என்று கேட்பேன். தாயோ மாமியோ கூட வந்தால் அவர்களைக் குசினியில் இருத்திவிட்டுத்தான் கேட்பேன். எத்தனை மாதம், அதை எப்படி எண்ணினாய் என்று கேட்பேன். முந்தி ஒப்பரேசன் நடந்ததா, வேறு நோய் இருக்கிறதா, புருசனுக்குத் தெரியுமா, சொல்லப் பயம் என்றால் என்ன பயம். இதெல்லாம் கேட்பேன். ஸ்கான் பார்க்காமல் ஒன்றையும் முடிவு செய்யாதே என்பேன். அதற்குள் ஏதும் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் டொக்டருக்குப் பொய் சொல்லாதே, வந்ததைப் புதைக்காதே என்பேன்.

வைத்திரு என்றும் விடு என்றும் சொல்வதில்லை. அது என் வேலை இல்லை. எங்கள் நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும்தான் கலைக்கச் சட்டம் விடும். யசோவுக்கு விட்டிருக்குமோ எனக்குத் தெரியாது. அவள் அந்தப் பிள்ளையைப் பெற வேண்டித்தான் வந்திருக்கும். அதுவும் லேசான காரியம் இல்லை. ஆனால் அன்றைக்குக் கேற்றடியில் நான் கேட்டு ஸ்கானுக்கு அனுப்பியிருந்தால், நாலு மாதம் தாண்டிவிட்டது என்று தெரிந்திருக்கும். அந்தக் குளிசை அவளுக்கு ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவளுக்கு யோசிக்க நாலு நாள் கிடைத்திருக்கும்.

யசோ வீட்டுக்குப் போன பிறகு மிட்வைஃப் அவளைப் பார்க்க வந்துபோனார். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகும்போது அந்த ஸ்கூட்டி அவர்கள் வாசலில் நிற்பதைக் காண்பேன். வேலிக்கரையில் முழு ஒழுங்கையும் பார்க்க நின்றது. சனம் பார்த்தது, தன்பாட்டில் போனது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.