கரையில் நின்ற கப்பல்

அந்தக் கப்பலின் அடிவயிற்றுக்குள் இரும்பு ஏணியில் இறங்கியபோது முதலில் வந்து முகத்தில் மோதியது எங்கள் வீட்டு வாசலின் வாடைதான். பழைய டீசல், கெட்டியாகிப்போன கிரீஸ், வெயிலில் வெந்த பெயிண்ட், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாகத் துரு. ராத்திரி முழுக்க லாரியில் குலுங்கிக் கடற்கரைக்கு வந்து, கடைசியில் அப்பா வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கும்போது வருகிற அதே வாடையையா மோந்துகொண்டு நிற்கிறோம் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணி இறங்கும் வயது எனக்கு. பின்னால் இறங்கிய சித்தி மட்டும் அந்த வாடையை ஆழ இழுத்து, "உங்க சித்தப்பா சட்டையில அடிக்கிற வாசம் சாமி" என்றாள்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. திருச்செங்கோட்டு "ரிக்" வண்டிகளில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த நல்ல ஃபிட்டர். வறண்ட காட்டில் தண்ணீர் தேடியே அலுத்துப்போய்விட்டது, இனித் தண்ணீர் மேலேயே போய்ப் பிழைத்துக்கொள்கிறேன் என்று வேடிக்கை பேசிக்கொண்டு, யாரோ ஓர் ஏஜெண்டைப் பிடித்துச் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலைக்குப் போனார். முதல் தடவை போய்விட்டு வந்தபோது சித்தியைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை போனவரைப் பற்றி அப்பா லோடு எடுக்கும் லாரி ஆபீசுக்குப் போன் வந்தது. ஒருநாள் காலையில் ஆள் வேலைக்கு வரவில்லை, கப்பல் முழுக்கத் தேடிவிட்டோம், ஆளைக் காணோம் என்றார்களாம். அப்போது கப்பல் நடுக்கடலில் இருந்தது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது யாருடைய காதிலும் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. நாங்கள் லாரி வீட்டுக்காரர்கள். வண்டியில் போன ஆளைக் காணோம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், "எறங்கிட்டான்". ஓனரோடு சண்டை போட்டுக்கொண்டு நாக்பூரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போன டிரைவர்கள், காய்ச்சலோடு ஏதோ ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப்பட்டவர்கள், போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று தெருவுக்கு ஒரு கதை உண்டு. எல்லாரும் என்றைக்காவது திரும்பி வந்தார்கள், அல்லது எங்கே இருக்கிறார்கள் என்று தகவலாவது வந்தது. "எங்கியோ எறங்கீட்டான், கோபம் ஆறுச்சுன்னா வருவான்" என்று அப்பா சொன்னார். சொன்னதோடு விடாமல், துறைமுகம் உள்ள ஊருக்கு லோடு போகும்போதெல்லாம் டீக்கடைகளில் தம்பியின் போட்டோவைக் காட்டி விசாரித்துக்கொண்டும் இருந்தார். கடலுக்கு ரோட்டோரம் கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பொங்கல் போன பிறகு, ஜலகண்டாபுரத்திலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். சித்திக்கு அப்போது இருபத்துமூன்றோ நான்கோ, பிள்ளையும் இல்லை. இளம்பிள்ளை என்ற ஊரில் தறி ஓட்டும் ஒருவர், மனைவியை இழந்தவர், சித்தியைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லியிருந்தார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். சித்தி அழவில்லை, சண்டை போடவில்லை. "ஒரே ஒருக்கா கப்பல்னா எப்படி இருக்கும்னு பாத்துட்டுச் சொல்றனுங்க. அதுல இருந்து ஆளு எறங்க முடியுமா முடியாதான்னு என் கண்ணால பாக்கோணும்" என்றாள். அவள் அண்ணனும் சரி என்று ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா முட்டை லோடு அடிக்கும் கேரளத்துத் துறைமுக ஊர் ஒன்றில், ஓடி ஓய்ந்த பழைய சரக்குக் கப்பல் ஒன்றைக் கரையோரம் கட்டி, பெயிண்ட் அடித்து, டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சித்தியைக் கூட்டிப்போவதாக முடிவாயிற்று. அதில் ஒரு சிக்கல். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மச்சாண்டார் வாசலில் நின்றால் சித்தி கொல்லைப் பக்கம் போய்விடுவாள். அப்படிப்பட்ட இருவர் ஒரே லாரி கேபினில் எப்படிப் போவது? அதற்காகத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி நடுவில் உட்காரவைத்தார்கள். கப்பல் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது இப்படித்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

வழியெல்லாம் எனக்கு ஓயாத வேலை. "வாந்தி வர்ற மாதிரி இருக்குதான்னு உங்க சித்தியக் கேளு" என்பார் அப்பா. "அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு அப்பாகிட்டச் சொல்லு சாமி" என்பாள் சித்தி. மூன்று பேரின் தோளும் இடித்துக்கொண்டிருக்கும் கேபினில், இருவர் காதிலும் விழுந்த பேச்சையே நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். பாலக்காடு தாண்டுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கப்பலைச் சுற்றிக் காட்ட ஒரு மலையாளத்துக்காரர் வந்தார். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சிரிப்பு. சரக்கு இறக்கும் பெரிய அறையில் எங்கள் தெரு மொத்தமும் அடங்கிவிடும்போல் இருந்தது. சமையற்கட்டில் சட்டி பிடித்தபடி ஒரு ஆள் நிற்க, சித்தி சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது பொம்மை என்று தெரிந்ததும் நானும் அவளும் சிரித்த சிரிப்பில் மற்ற ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்கள் தூங்கும் அறைக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. உருண்டு விழாமல் இருக்கப் பலகை அடித்த குறுகலான கட்டில். அதன் தலையணையைத் தடவிக்கொண்டே நின்றாள். நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை. சரி, இருக்கட்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினார்.

அங்கேதான் அப்பா அந்த மலையாளத்துக்காரரிடம் கேட்டார்.

"ஏனுங்க, ராத்திரியில வண்டிய எங்க ஓரங்கட்டுவீங்க?"

"ஓரம் கட்டவோ? நிறுத்தாது சாரே. கரை சேரும் வரைக்கும் ராத்திரியும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"நடுவுல ஒருத்தன் எறங்கோணும்னா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க எறங்குவான்? சுத்திலும் வெள்ளமல்லே சாரே, தண்ணி!"

எதற்காகக் கேட்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தார். கம்பி அவர் இடுப்புக்குத்தான் வந்தது. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தம்பி செத்துப்போனது அந்த நிமிடத்தில்தான். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சித்தி மேலே வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. கப்பலிலிருந்து கரைக்குச் சாய்த்துப் போட்டிருந்த படியைக் காட்டினாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக அதில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். "பாத்தியா சாமி, எத்தனை லேசா எறங்குறாங்க! பக்கவாட்டுல சின்னப் படகு வேற தொங்குது. எறங்கித்தான் போயிருக்காரு. அப்பாகிட்டச் சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். சித்தி சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. நாங்கள் பார்த்தது கரையில் கட்டிப்போட்ட கப்பல், நகராத கப்பல், யார் வேண்டுமானாலும் இறங்கிவிடக்கூடிய கப்பல். அதை அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

"உங்க சித்திகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். எந்தப் பேச்சானாலும் என் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும், இந்தப் பேச்சை ஒரு குழந்தையின் வாயில் எப்படிக் கொடுப்பார்? "சாப்பிடலாமான்னு கேளு" என்றார்.

நான் கேட்டேன். சித்தி பசிக்கிறது என்றாள்.

ஊர் திரும்பியதும் சித்தி தன் அண்ணனுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் பார்த்துவிட்டேன், அவர் இறங்கியிருக்கிறார், வருவார் என்றாள். அந்த இளம்பிள்ளைக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அப்பா அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்திலும் போட்டோவைக் காட்டவில்லை. அம்மாவிடம் சொல்லி விஷயத்தைச் சித்திக்குப் புரியவைக்கப் பார்த்தார். அம்மா இரண்டொரு முறை வாயெடுத்தாள். "நீங்க கப்பலைப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டு வாயடைத்துவிட்டாள் சித்தி. ஒரு பெண்ணின் வாழ்க்கை இப்படியா வீணாகும் என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது எங்கள் வாசலில் லாரி இல்லை. வாங்கியவர்கள் அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கப்பலையும் துரு தின்று, வெட்டி எடுத்துவிட்டதாக அங்கே போய்வந்த ஒருவர் சொன்னார். கப்பலுக்கு ஆள் அனுப்பிய ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை நடக்கிறது. விசாரிக்க வேண்டும் என்று யாராவது நினைத்தாலும் இனிப் போய்க் கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை. சித்தி மட்டும் அதே வீட்டில், தலை முழுக்க நரைத்து, நெற்றியில் பொட்டோடு இருக்கிறாள்.

போன மாதம் அப்பா தவறிவிட்டார். வாசலில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. ஒப்பாரி தானாக நின்றது. குனிந்து, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏனுங்க, போற எடத்துல உங்க தம்பி இருந்தாருன்னா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி உடுங்க."

சொல்லிவிட்டு, பழக்கம்போல, பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தாள்.