ஒரு வாரக் கலெக்டர்

ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் நான் இங்கிலாந்து ராஜாவின் வரி வசூல் அதிகாரியாக இருந்தேன். அந்த வேலையை என்னைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது என்று அப்போது நம்பினேன். இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சங்கடமே அதுதான்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். அப்பாவுக்குப் பிம்ப்ரியில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பு பாணேரில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். புதுப் பள்ளியில் முதல் நாள் தன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தவள் மானசி. நான் மராத்தி கற்றதே அவளிடம்தான். தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்துவாள்.

சரித்திரப் பாடத்தில் அமெரிக்கா வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜாவின் ஆட்சி அங்கே குடியேறியவர்கள்மேல் வரி போட்டது, அவர்கள் கப்பலில் வந்த தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், கடைசியில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். டீத்தூளுக்காகவா ஒரு யுத்தம் என்று நாங்கள் சிரித்தோம். டீச்சர் கோபப்படவில்லை. "சரி, ஒரு வாரம் அப்படி இருந்து பாருங்கள்" என்றார். வகுப்புதான் குடியேற்றம். வசூலுக்கு என்னைத் தேர்ந்தெடுத்து, அட்டையில் செய்த பட்டை ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டு, மடித்த காகிதத்தைக் கையில் கொடுத்தார். அதில் இருந்தது ஒரே வரி: 'ஒவ்வொருவரும் தினமும் ஒரு வெள்ளைத்தாள் தர வேண்டும்.'

திங்கட்கிழமை எல்லாரும் கிழித்துக் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஜன்னல் ஓரம் உட்காருகிறவர்கள் காற்றுக்காக ஒரு ரப்பர் தர வேண்டும் என்று அறிவித்தேன். புதன்கிழமை, ரப்பரைப் பற்றி முணுமுணுத்தவர்களுக்கு ஒரு பென்சில் அபராதம். யாரும் என்னிடம் அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை. பட்டையைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள். மானசியிடம் மட்டும் எதுவும் வாங்கவில்லை. "உனக்கு எதுவும் கிடையாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அவள் முகம் சிவந்தது. சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா என் பையைத் திறந்தாள்.

"இதென்ன புள்ள, பையெல்லாம் ரப்பரு? யாருதுடி இது?"

"ராஜாவோடது."

"ராஜா வந்து எடுத்துக்குவாராக்கு?"

அப்பா செருப்பைக் கழற்றியபடியே சிரித்தார். "வுடு, நம்மூட்டுலயும் ஒரு கலெக்டரு இருந்துட்டுப் போகட்டும்."

அம்மா விடவில்லை. "குடுக்கறப்ப அந்தப் புள்ளைக மொகத்தப் பாத்தியா நீ?"

"எல்லாருமே குடுத்துட்டாங்கம்மா" என்றேன். அவள் கேட்டதற்கு அதுதான் பதில் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மானசி தன் ரப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "என்னிடமும் வாங்கு. எல்லாரும் என்னை உன் ஒற்றன் என்கிறார்கள்." நான் அதைத் தள்ளிவிட்டேன். அவள் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். மதியத்துக்குள் வகுப்பில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்க ஆரம்பித்தது. நான் முட்டாள் இல்லை. காற்று மாறுவது தெரிந்தது. வாங்கிய ரப்பர், பென்சில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். தாளும் இனி வேண்டாம் என்றேன். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அப்புறம் நான் எதற்கு? அதனால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். மறுநாள் ஆளுக்கொரு துண்டு சிக்கி கொண்டுவர வேண்டும். சிக்கி என்றால் நம் கடலை மிட்டாய்தான். அந்த ஊரில் கிடைக்காத பெட்டிக்கடை இல்லை. இதைவிடச் சின்ன வரி உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். கையில் சிக்கி இருந்தது. ஆனால் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. மூலையில் தரை துடைக்கும் வாளி அழுக்குத் தண்ணீரோடு இருந்தது. முதலில் போனவள் மானசி. வரியே இல்லாதவள், முழுப் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். அதைப் பிரித்து வாளியில் கவிழ்த்தாள். "நாஹி தேணார்!" என்றாள். தர மாட்டோம் என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் வகுப்பே அதைக் கத்திக்கொண்டு வரிசையாக வந்து கொட்டியது.

நான் அழவில்லை. கணக்குத்தான் உதைத்தது. எனக்குக் கொடுத்திருந்தால் ஒரு துண்டு போயிருக்கும். கொடுக்காமலிருக்க மானசி ஒரு பொட்டலத்தையே தொலைத்திருக்கிறாளே!

சத்தம் கேட்டு வந்த டீச்சர் வாளியைப் பார்த்தார். "சிக்கி எதற்கு?" என்றார். யாரோ வரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ரப்பர், அபராதம், சிக்கி. டீச்சர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இதையெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேனா?"

வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. இத்தனை நாள் டீச்சரின் உத்தரவு என்று நினைத்திருந்தார்கள். கொடுத்ததைவிட அதுதான் அவர்களைச் சுட்டது என்று நினைக்கிறேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மானசி மூன்றாவது பெஞ்சுக்கு மாறியிருந்தாள். சமாதானம் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு நிறையவே இருந்தது. பள்ளி விட்டதும் அவளை வேனுக்கருகில் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அடுத்த தடவை நீதான் கலெக்டர். டீச்சரிடம் நான் சொல்கிறேன். உனக்கே கொடுத்துவிடுகிறேன்."

அவள் வேனின் படியில் ஒரு காலை வைத்தாள்.

"அதைக் கொடுக்க நீ யார்?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

அவளுக்கு அதைவிடப் பெரிதாக வேறு எதைக் கொடுத்திருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே நான் வீடு வந்து சேர்ந்தேன்.